சுருக்கிய ஹார்ட் டிஸ்க்கில் டிஃப்ராக் கொடுக்கும் முன்



பரணில் கிடந்த பழைய கணினியை இறக்கித் தூசி தட்டி ஓடவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே அப்பாவின் கடைக் கணக்கு இருக்கும், யாரோ எழுதிவைத்த கடிதங்கள் இருக்கும். மெதுவாக ஓடுகிறதே என்று சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டிஃப்ராக்கை முதல் வேலையாகக் கொடுத்துவிடுவார்கள். அது சுருக்கப்பட்ட ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

1993-ல் மைக்ரோசாஃப்ட், எம்எஸ்-டாஸ் 6.0 உடன், தகவலைச் சுருக்கி வைக்கும் டபுள்ஸ்பேஸ் என்ற வசதியைக் கொடுத்தது. ஹார்ட் டிஸ்க் விலை கைக்கு எட்டாத காலம் அது. இருக்கிற டிஸ்க்கிலேயே ஏறக்குறைய இரு மடங்கு கொள்ளும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்குக்குப் பின், 1994-ல் 6.22 பதிப்பில் அது டிரைவ்ஸ்பேஸ் ஆனது.

இப்படி டிஸ்க்கைச் சுருக்கிய கணினியில் நீங்கள் பார்க்கும் சி டிரைவ், அசல் டிரைவ் அல்ல. அசல் டிஸ்க் பெரும்பாலும் எச் என்ற எழுத்தோடு பின்னால் நிற்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு பெரிய கோப்பு. உங்கள் சி டிரைவ் முழுவதும் அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது. வீட்டுச் சாமான் அத்தனையையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியது போல. அந்த ஒரு கோப்பு பழுதானால் எல்லாமே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. 8 கிலோபைட் தகவல் சுருங்கிய பிறகு டிஸ்க்கின் சிறு பகுதிகளான செக்டார்களில் எத்தனையைப் பிடிக்கும் என்பது, அது எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றாகவும் இருக்கலாம், பதினாறாகவும் இருக்கலாம். டிஃப்ராக் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டும் வரிசை வேறு, டிஸ்க்கில் தகவல் உண்மையில் கிடக்கும் இடம் வேறு. ஆகவே வேகத்துக்காக இதைச் செய்வதில் பெரிய பலன் இல்லை. சிதறிய காலியிடத்தை ஒன்றுசேர்த்து, சுருக்கிய டிரைவின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

செய்வதானால், முக்கியமான கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். இதற்கு மாற்றே கிடையாது. விண்டோஸ் 3.1 ஓடிக்கொண்டிருந்தால் அதிலிருந்து வெளியேறி, வெறும் டாஸுக்கு வாருங்கள். எம்எஸ்-டாஸ் 6.2 முதல், டிஸ்க் பிழைகளைத் தேடும் ஸ்கேன்டிஸ்க் கூடவே வந்தது. அதை ஓட்டிப் பிழை இருந்தால் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் டிஃப்ராக். அது முடிந்ததும் டபுள்ஸ்பேஸின் சொந்த டிஃப்ராக்மென்ட் கட்டளை. சுருக்கத்தைப் பற்றியே அறியாத பழைய நார்ட்டன் வகைக் கருவிகளை இதில் நுழையவே விடாதீர்கள். விண்டோஸ் 95 என்றால் அதனோடு வரும் டிஃப்ராக்மென்டரே போதும்; அதற்குச் சுருக்கிய டிரைவ் தெரியும்.

வேலை நடக்கும்போது மின்சாரம் போகக்கூடாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. 6.0 பதிப்பின் ஸ்மார்ட்டிரைவ், எழுத வேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் பிடித்துவைத்துவிட்டுப் பிறகுதான் டிஸ்க்கில் எழுதும். வேலை முடிந்தது என்று உடனே சுவிட்சை அணைத்தால், கடைசியாக எழுத வேண்டியது எழுதப்படாமலே போகலாம். டிஸ்க் விளக்கு அணையட்டும். இன்னும் சில விநாடி காத்திருந்து அணையுங்கள்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஸ்கேன்டிஸ்க் பழுதான செக்டார்களைக் காட்டினாலோ டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். அந்த டிஸ்க்குக்கு மிச்சமிருக்கும் ஆயுளில் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.