ஹோமோசிஸ்டீன்: ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வந்தால்

(நமது டிரஸ்டின் சார்பில் அயனம்பாக்கத்தில் நடந்த குடும்ப நல நிகழ்ச்சியில், ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியனான சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஐம்பத்தைந்து வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். முழு உடம்புப் பரிசோதனை என்று ஒரு பேக்கேஜில் ரத்தம் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் 'ஹோமோசிஸ்டீன் 34' என்று சிவப்பு எழுத்து. 15க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. "இது ஏறினா ஹார்ட் அட்டாக் வருமாம் பாய். அதனால வைட்டமின் மாத்திரை வாங்கிட்டேன். பிரஷர் மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வச்சிருக்கேன், எத்தனை மாத்திரைதான் விழுங்கறது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்று இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு அவர்தான் காரணம்.

நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவன், அவ்வளவுதான். இந்த ஹோமோசிஸ்டீன் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடும் கறி, மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. அதிலுள்ள மெத்தியோனின் என்ற பொருளை உடம்பு பயன்படுத்தும்போது நடுவில் உண்டாவது ஹோமோசிஸ்டீன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு எளிதில் புரியும்: இது பாதி வேலை முடிந்த சரக்கு. அடுத்த மெஷினுக்குப் போயாக வேண்டும். ஒரு மெஷின் ஓட ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் வேண்டும். இன்னொரு மெஷினுக்கு பி6 வேண்டும். ஏதாவது ஒன்று நின்றால் சரக்கு தரையில் குவியும். அந்தக் குவியலைத்தான் லேபில் அளக்கிறோம். சிறுநீரகம் பலவீனமானாலும், தைராய்டு குறைந்தாலும், சிகரெட் பிடித்தாலும் இது கூடும். வயதோடும் கொஞ்சம் ஏறும்.

இதில் ஃபோலிக் அமிலத்தின் கதை நம் ஊர் வழியாகவும் போகிறது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்வார்களே, இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்கிய பர்தாப் பெண்களுக்காகவும் மற்ற குடும்பத்துப் பெண்களுக்காகவும் 1885ல் ஆரம்பித்தது. 1931ன் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா அங்கே வேலை பார்த்தார். அதற்கு முன் 1928ல் பம்பாய்க்கு வந்து, மில் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு ஏன் இப்படி ரத்தம் சுண்டிப்போகிறது என்று ஆராய்ந்தவர். வீடு வீடாகச் சாப்பாட்டைக் கணக்கெடுத்தார். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள். அவர்கள் சாப்பாடுதான் மிக மோசமாக இருந்தது. காய்கறி, பழம் போதவில்லை. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறைக் கொடுத்ததும் ரத்தம் ஊறியது. அதில் இருந்த பொருள் என்ன என்று அப்போது தெரியவில்லை. 1941ல் பசலைக்கீரை வகையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள். பிரியாணிக்கு வெங்காயத் தயிரோடு சரி. கீரை சமைத்தாலும் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். ஃபோலிக் அமிலத்தில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை இதெல்லாம் விலை அதிகமில்லை.

பி12 வேறு கதை. அது கீரையில் கிடையாது. கறி, ஈரல், மீன், முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. 'நாம்தான் கறி சாப்பிடுகிறோமே' என்பீர்கள். வாரம் ஒரு நாள் ஆளுக்கு இரண்டு துண்டு வருகிற வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன. அது ஒருபுறம் இருக்கட்டும். சாப்பிட்டாலும் உடம்பில் சேராமல் போவதுதான் இன்னொரு பிரச்சினை. மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும். கேஸ் மாத்திரை, அதாவது ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை, வருஷக்கணக்கில் போட்டாலும் அப்படித்தான். கறியிலிருந்து பி12ஐப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். நம் பெரியவர்களில் பலர் இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள்! ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு தெரியவே சில வருஷம் ஆகும். பிறகு கால் மரத்துப் போகும், எரியும், நடை தள்ளாடும், மறதி வரும். 'சர்க்கரை இருக்கில்ல, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரையாலும் வரலாம், பி12 குறைவாலும் வரலாம். சோதித்தால்தான் தெரியும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பி12 குறைவாக இருப்பவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். கெட்ட நரம்பு எல்லாம் திரும்பி வராது.

சரி, இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஹோமோசிஸ்டினூரியா என்று பிறவி நோய் ஒன்று உண்டு. அதில் அளவு 100ஐத் தாண்டும். அப்படிப்பட்ட குழந்தைகளின் ரத்தக் குழாய்கள் கிழவருடையதைப் போல் தடித்திருப்பதை 1969ல் கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க டாக்டர் எழுதினார். அவர் பார்த்த பழைய பதிவுகளில் ஒன்று, 1933ல் பக்கவாதம் வந்து இறந்த எட்டு வயதுப் பையனுடையது. பிறகு, பெரியவர்களிலும் ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதைக் கண்டார்கள். அப்படியானால் வைட்டமின் கொடுத்துக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா? 5,522 பேரிடம் ஐந்து வருஷம் சோதித்து 2006ல் முடிவு வெளியிட்டார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. 2015ல் சீனாவில் பிரஷர் உள்ள இருபதாயிரம் பேரிடம் செய்த சோதனையில் ஃபோலிக் அமிலம் சேர்த்தவர்களுக்குப் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கவனியுங்கள், அங்கே எல்லோருக்கும் பிரஷர் மாத்திரை நடந்துகொண்டிருந்தது. அதோடு சேர்த்துத்தான் ஃபோலிக் அமிலம்.

அந்த சகோதரரிடம் நான் சொன்னதும் இதுதான். "இன்னைக்கே பிரஷர் மாத்திரையைப் போடுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போய் பி12, கிரியாட்டினின், தைராய்டு மூணையும் பாக்கணுமான்னு கேளுங்க."

என் தொழில் விஷயம் ஒன்று. ரத்தத்தை எடுத்து அப்படியே வைத்திருந்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து அளவு தானாக ஏறும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் ஐஸ் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நான்கு தெரு சுற்றினால் உங்கள் நம்பரும் ஏறும். ஐஸில் வைப்பீர்களா, எத்தனை மணிக்குள் லேபுக்குப் போகும் என்று தயங்காமல் கேளுங்கள். வெறும் வயிற்றில் கொடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. அதனால் புதுப்பெண்களுக்குக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவை. ஏழாம் மாத வளைகாப்புச் சமயத்தில் தொடங்கினால் இதற்குப் பயன்படாது.

நம்மில் சொந்தத்தில் நிக்காஹ் முடிப்பது வழக்கம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் முன்னே சொன்ன பிறவி நோய் தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்தால்தான் குழந்தையைப் பிடிக்கும். உலகிலேயே கத்தாரில்தான் அது அதிகம், சுமார் 1,800 பிறப்புக்கு ஒன்று. அங்கே பிறந்த குழந்தைக்கே சோதித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் கண் லென்ஸ் விலகி, வயதுக்கு மீறி ஒல்லியாக நெட்டையாக வளர்ந்து, படிப்பிலும் பின்தங்கினால் கண்ணாடி போட்டதோடு விடாமல் இந்தச் சோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த சகோதரருக்கு பி12 குறைவுதான். ஊசி போட்டார்கள். மூன்று மாதம் கழித்து 13 என்று ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். கால் எரிச்சல் பாதி குறைந்திருக்கிறதாம். மெட்ஃபார்மின் தொடர்கிறது, பிரஷர் மாத்திரையும் தொடர்கிறது.