உயிர் பிழைத்த பிறகு



தலையில் அடிபட்டு மீண்டவரை அழைத்துவரும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: "முன்ன மாதிரி இல்ல டாக்டர்." நடக்கிறார், சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். ஆனால் தொட்டதற்கெல்லாம் கோபம். வேலைக்குப் போனால் நிலைக்கவில்லை. பகலெல்லாம் படுத்தே கிடக்கிறார். சோம்பேறி, திமிர் பிடித்தவர் என்று வீட்டிலேயே பேச்சு. கை கால் விளங்காமல் போயிருந்தால் ஊரே இரங்கியிருக்கும். இந்தக் காயம் யார் கண்ணுக்கும் படுவதில்லை. அதைக் கண்டு சொல்வதுதான் நரம்பியல் மருத்துவரின் முதல் கடமை என்று நம்புகிறேன்.

அதற்கு எனக்கு வழிகாட்டி, ரஷ்ய மருத்துவர் அலெக்சாந்தர் லூரியா. 1943 மார்ச்சில் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் சசேத்ஸ்கி என்ற 23 வயதுப் படைவீரரின் தலையில் குண்டு பாய்ந்தது. மூளையின் இடது பின்பகுதி சிதைந்தது. சில மாதங்களில் யூரல் பகுதி மருத்துவமனை ஒன்றில் லூரியா அவரைச் சந்தித்தார். எதைப் பார்த்தாலும் வலப்பக்கம் தெரியாது. தம் உடம்பின் வலப்பக்கமும் சில வேளை மறைந்துபோகும். எழுத்துகள் அந்நியமாகிவிட்டன. 'அப்பாவின் தம்பி', 'தம்பியின் அப்பா' இரண்டும் ஒன்றா வேறா என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொற்கள் தனித்தனியே புரிந்தன. அவற்றை இணைக்கும் முடிச்சு அவிழ்ந்துபோயிருந்தது.

லூரியா இழப்பை மட்டும் கணக்கெடுக்கவில்லை. நெற்றிப்பக்க மூளை சேதமின்றி இருந்ததையும் கண்டார். அதனால்தான் சசேத்ஸ்கிக்குத் தம் குறை தெரிந்தது, மீள வேண்டும் என்ற உறுதியும் குலையவில்லை. ஒவ்வோர் எழுத்தாக யோசித்து எழுதத் திணறியவரிடம், கையைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதச் சொன்னார் ஒரு மருத்துவர். சொல் வந்துவிட்டது! கையின் பழக்கம் அழியாமல் இருந்தது. எழுதியதைத் தாமே வாசிக்கப் பெரும்பாடுபட்ட அந்த மனிதர், கால் நூற்றாண்டில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதினார். லூரியாவும் அவரை விட்டுவிடவில்லை. 1971இல் நூலாக்கும் வரை தொடர்ந்து கவனித்துவந்தார்.

இந்தத் தொடர்ச்சியைத்தான் நாம் டிஸ்சார்ஜ் அன்றே அறுத்துவிடுகிறோம். அடிபட்டுப் பல மாதம் கழித்தும் வலிப்பு வரலாம். பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு ஹார்மோன் குறைந்திருந்தால் ஓயாத களைப்பு வரும். வீட்டார் சோம்பல் என்று திட்டுவது அதையாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. யாராவது சந்தேகப்பட வேண்டும், அவ்வளவே. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும்போது, முழு மனிதரையும் சேர்த்துப் பார்த்து, "இது இவர் குணமில்லை, காயம்" என்று குடும்பத்துக்கு விளக்கும் பொறுப்பு நம்முடையது. ஐந்து நிமிடத்தில் அது நடக்காது. மனைவியிடமும் தாயிடமும் தனியே உட்கார்ந்து பேச வேண்டும்.

இளமையில் நானும் கை கால் பலத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறார் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். தலையில் அடிபட்டால் மோப்ப நரம்பு அறுபடக்கூடும் என்பதைப் படித்திருந்தும், கேட்கத் தோன்றவில்லை. இப்போது என் மாணவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன்: "அம்மா, அடுப்படியில் கேஸ் கசிந்தால் உங்களுக்கு வாசனை தெரிகிறதா?"