வெண்கலப் பற்களில் பகா எண்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“பகா எண் எதுக்கு சார் உதவும்?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். “தேர்வில் இரண்டு மதிப்பெண்” என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத பிள்ளைதான் கணக்கை விட்டு முதலில் விலகுகிறது. அந்தப் பிள்ளைக்குக் காட்ட ஒரு பழைய கருவி இருக்கிறது.

1901இல் கிரேக்கத்தின் ஆன்டிகித்தெரா தீவருகே, பழங்காலத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து களிம்பேறிய வெண்கலக் கட்டி ஒன்று மேலே வந்தது. மறு ஆண்டு அதில் பற்சக்கரம் இருப்பது தெரிந்தது. அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. இன்று 82 துண்டுகளாக ஏதென்சு அருங்காட்சியகத்தில் உள்ளது. எக்ஸ் கதிர்ப் படங்களில் 30 பற்சக்கரங்கள் தெரிந்தன. முன்முகப்பில் சூரியனும் சந்திரனும் நிற்கும் ராசி; பின்முகப்பில் மாதக் கணக்கும் கிரகணக் கணக்கும்.

இது எப்படி இயங்கியது? ஏறத்தாழ 19 ஆண்டுகளில் சந்திரன் ராசி மண்டலத்தை 254 முறை சுற்றுகிறது. ஆகவே, சூரியனுக்கான அச்சு 19 சுற்று சுற்றும்போது சந்திரனுக்கான அச்சு 254 சுற்று சுற்ற வேண்டும். அதற்காக அமைத்த சக்கரங்களின் பற்களைக் கரும்பலகையில் எழுதுவோம்:

64/38 × 48/24 × 127/32

மாணவர்களே சுருக்கட்டும். விடை 254/19.

இப்போது கேளுங்கள்: “ஏன் 127 பற்கள்? வசதியாக 120 வைக்கக் கூடாதா?” 254 என்பது 2 × 127. 127 பகா எண். அதை மேலும் உடைக்க முடியாது. எனவே 127 பற்களோ அதன் மடங்கோ கொண்ட சக்கரம் இல்லாமல் இந்த விகிதம் வராது. கிரகணங்களும் அப்படியே. 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அவற்றின் வரிசை திரும்புகிறது. பாபிலோனியர் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்ததில் கிடைத்த எண் அது. 223உம் பகா எண். அதனால் அந்தக் கைவினைஞர் 223 பற்கள் கொண்ட சக்கரத்தையே செய்தார்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்கப் பள்ளி வாசலில் நிற்கும் மிதிவண்டி போதும். செயின் சக்கரத்தின் பற்களையும் பின்னால் உள்ள ஃப்ரீவீலின் பற்களையும் எண்ணச் சொல்லுங்கள். பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று பின்னமாக எழுதட்டும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டுச் சரிபார்க்கட்டும்.

பின்னம் சுழல்வதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, “எதுக்கு சார்?” என்பதை விட்டு, “எப்படி சார்?” என்று கேட்கத் தொடங்கும். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.