பெட்டரி மாத்துறதுக்கு முந்தி அளந்து பாருங்க
(வாகன மின்வேலை பழகும் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



நம்ம தோட்டங்கள்ல வேன், த்ரீவீலர் ஓட்டிப் பிழைக்கிற பிள்ளைகள் இன்னைக்கு நெறைய பேர். மாசம் பொறந்தா லீசிங் காசு கட்டணும். காலையில வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அன்னைக்கு ஹயர் இல்லை. ராத்திரியில புள்ளத்தாச்சியை ஏத்தின வேன் லயத்து வாசல்ல 'டிக், டிக்'குன்னு நின்னுட்டா என்ன கதி? அப்ப கூடி நிக்கிறவங்க சொல்றது ஒண்ணுதான்: "பெட்டரி போச்சு, புதுசு போடு." கடன்பட்டுப் புதுசு போடுறோம். ரெண்டு கிழமையில திரும்பவும் அதே 'டிக்'.

பெட்டரி போச்சா, இல்லையா என்பதை ஊகத்தில் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண மல்டிமீட்டர் சொல்லும். வோல்ட், அம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவி 1923இலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்னைக்கு டவுன் கடையிலேயே கிடைக்குது.

மீட்டர்ல நேர்மின் வோல்ட்டைத் தெரிவு செய்து, 20இல் வையுங்க. சிவப்புக் கம்பி பெட்டரியின் கூட்டல் முனையில, கறுப்பு கழித்தல் முனையில. இரவு முழுக்க நின்ன வண்டியில அளந்தால்தான் கணக்கு சரி. 12.6 காட்டினால் பெட்டரி நிறைஞ்சிருக்கு. 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே போனால் முதல்ல சார்ஜ் ஏத்துங்க. உடனே தூக்கி எறிய வேண்டாம். லொறியில ரெண்டு பெட்டரி சேர்ந்து 24 வோல்ட், அதை ஒவ்வொண்ணாக அளக்கணும்.

அடுத்தது, ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்க மீட்டரைப் பாருங்க. நிறைஞ்ச பெட்டரி அந்த நேரத்தில 9.6க்குக் கீழே விழுந்தால் அது தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறதா என்றும் பார்க்கணும். ஆனால் 12 வோல்ட் அப்படியே நிக்குது, வண்டி 'டிக்'குன்னு மட்டும் சொல்லுதுன்னா? குற்றம் பெட்டரியில இல்லைங்க. ஸ்டார்ட்டர்ல, இல்லைன்னா கம்பி இணைப்புல.

நம்ம மலைநாட்டுல மழையும் பனியும் ஓயாது. எர்த் வயர் பாடியோட சேருகிற இடத்தில துருப்பிடிக்கும். பெட்டரி முனையில வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். இதைக் கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. மீட்டரின் ஒரு கம்பியைப் பெட்டரியின் கழித்தல் முனையிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைச்சு, ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 0.2 வோல்ட் அளவுல இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கு. கழற்றி, சுரண்டி, இறுக்கிப் பூட்டினால் போதும். பூத்திருக்கிற முனையை அப்பச்சோடா கரைச்ச தண்ணியில கழுவலாம். கழற்றும்போது கழித்தல் முனை முதல்ல, பூட்டும்போது அது கடைசி. பெட்டரியிலிருந்து தீப்பிடிக்கிற வாயு வரும், பக்கத்தில சிகரெட் வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில காட்டணும். ஓடும்போதும் 12தான்னா ஆல்டனேட்டர் சார்ஜ் பண்ணலை, அல்லது பெல்ட் வழுக்குது. புதுப் பெட்டரியும் சும்மா தீரும். 15ஐத் தாண்டினால் அதுவும் கெடுதல், பெட்டரி வெந்துபோகும்.

எல்லாம் சரி, ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் இறங்குதா? நம்ம த்ரீவீலர் தம்பிமாருக்குச் சொல்றேன்: செட்டு, கலர் லைட், அலாரம்னு கூட்டிக் கூட்டி வயர் இழுத்திருக்கீங்களே, அதைச் சந்தேகப்படுங்க. மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 அம்பியர் துவாரத்துக்கு மாத்துங்க. கழித்தல் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில மீட்டரைச் சேருங்க. சாவி எடுத்த வண்டியில 0.05 அம்பியருக்கு மேல ஓடக்கூடாது. புது வண்டியில அரை மணி நேரம் காத்திருந்து பாருங்க. அரை அம்பியர் ஓடினால், 40 அம்பியர்-மணி பெட்டரி 80 மணி நேரத்தில காலி. பியூஸை ஒவ்வொண்ணாக உருவுங்க. எதை உருவும்போது எண் விழுகுதோ, திருடன் அந்த வழியிலதான்.

இந்த நிலையில ஸ்டார்ட் பண்ணவே கூடாது, மீட்டர் எரியும். அம்பியர் துவாரத்தில கம்பி இருக்கும்போது பெட்டரியின் ரெண்டு முனையிலும் நேராக வைக்கவும் கூடாது. ஓம் அளக்கும்போது பெட்டரி கழற்றியிருக்கணும். ஹைபிரிட் வண்டியில ஆரஞ்சு நிற வயர் கண்டால் கையை எடுத்துடுங்க. அதில ஆளைக் கொல்லுகிற வோல்ட் இருக்கு, அது தனியாகப் படிச்சவங்க வேலை.

வெளியில ரெண்டு வேனும் ஒரு த்ரீவீலரும் நிக்குது. முதல்ல தங்கச்சிமார் வந்து மீட்டரைப் பிடிங்க.