குளியலறையும் கொந்திராத்தும்



வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டிலே ஓரறையை இடித்துத் திருத்திப்பார் என்று அவர்கள் சொல்லாமைக்குக் காரணம் உண்டு. அக்காலத்து யாழ்ப்பாண வீடுகளிலே குளிப்பு கிணற்றடியில். மலசலகூடம் வளவின் கோடியில். இன்று இரண்டும் வீட்டுக்குள் ஓரறையாக வந்துவிட்டன. முதியோருக்கு இது பெரும் வசதி. அவர்கள் வழுக்கி விழுவதற்கு ஏதுவான இடமும் அதுவே.

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எண்பது வயது கடந்த என் தாயாருக்காகக் குளியலறையைத் திருத்த முற்பட்டேன். மூவரிடம் மதிப்பீடு பெற்றேன். அடியிலிருந்த தொகையை மாத்திரம் ஒப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தேன். விடைத்தாளிலே விடையை மாத்திரம் பாராது செய்கை வழியையும் பாருங்கள் என்று இளம் ஆசிரியர்களுக்கு ஓயாது சொல்பவன் நான். என் வீட்டுக் கணக்கில் அதை மறந்தேன்.

பளபளப்பான ரைல்ஸ் பதித்து, பத்து நாளில் வேலை முடிந்தது. ஓராண்டு செல்லுமுன் அடுத்த அறைச் சுவரிலே ஈரம் ஏறிற்று. தரையின் நடுவே நீர் தேங்கிற்று. ஒருநாள் அதிகாலை அம்மா அந்நீரில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

சினத்தோடு மேசனை அழைத்தேன். அவர் தரையைப் பார்த்துவிட்டு, “ஐயா, நிறத்தைப் பற்றி மூன்றுமுறை சொன்னீர்கள், வாட்டத்தைப் பற்றி ஒருமுறையேனும் கேட்கவில்லையே” என்றார். மதிப்பீடுகளை மீண்டும் எடுத்துப் படித்தேன். மற்ற இருவரின் கணக்கிலே நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சுக்கெனத் தனித்தொகை இருந்தது. நான் தேர்ந்த கணக்கிலே அது இல்லை. மலிவு என்று நான் கருதியது அந்த இல்லாமையையே.

ஆகவே முதலாவது பாடம் இது. குளியலறையின் ஆயுள் கண்ணுக்குத் தெரியும் ஓட்டிலன்று, அதன் கீழே மறைவதில் இருக்கிறது. தரை, வடிகாலை நோக்கி ஓரடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். தடுப்புப் பூச்சு தரையோடு நில்லாது சுவரிலும் ஓரடியேனும் ஏற வேண்டும்; நீர் விழும் பக்கத்தில் ஆளுயரம் வேண்டும். பூச்சு உலர்ந்தபின் வடிகாலை அடைத்து, நீர் கட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுப் பாருங்கள். சுவருக்குள் செல்லும் குழாய்களையும் மூடுமுன் அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். இவை முடியாமல் ஒரு ஓடும் பதிக்க விடாதீர்கள்.

இனிப் பொருள்கள். சுவருக்குரிய ஓடு தன் நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேலும் நீரை உறிஞ்சும். போசிலின் எனப்படும் இறுகிய தரையோடோ அரைப் பங்கிற்கு மேல் உறிஞ்சாது. முன்னதைத் தரையில் இடுவது தவறு. கடையிலே ஓட்டின் மீது சிறிது நீர் ஊற்றி, வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கால் நழுவினால், எத்துணை அழகாயினும் விட்டுவிடுங்கள். சிறிய ஓடுகள் வாட்டத்துக்கு இசைந்து படியும். இடைக்கோடுகள் மிகுதியாதலால் காலுக்குப் பிடிப்பும் தரும். எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீர் வன்னீர். குழாய்வாயில் வெண்படலம் படியச் செய்யும். எனவே கருநிறப் பளபளப்புக் குழாய்களை நாடாது, கையில் கனக்கும் பித்தளைக் குழாய்களை வாங்குங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். குளியலறையைப் பெருப்பிக்கும்போது கழிவுநீர் எக்குழிக்குச் செல்கிறது என்பதையும் கேளுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி இடைவெளி என்பது நாம் கேட்டுப் பழகிய கணக்கு. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லிலே அதுவும் போதாமற் போகலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருமுறை அழைத்துக் காட்டுவதில் இழப்பில்லை.

வேலை செய்பவரை எவ்வாறு தேர்வது? தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவராயின் நன்று. கிராமத்துக் கைதேர்ந்த மேசன்மார் பலரிடம் அது இராது. எவராயினும், சென்ற மாதம் முடித்த வேலையைப் பாராது, ஐந்தாண்டுக்கு முன் முடித்ததைப் போய்ப் பாருங்கள். அவரை விட்டு, அவ்வீட்டாரிடம் கேளுங்கள். கொந்திராத்து எடுப்பவர் ஒருவர், கையால் செய்பவர் மற்றொருவர் என்பது வழக்கமாதலால், கரண்டி பிடிப்பவர் யார் என்பதையும் அறியுங்கள். முழுக் கொந்திராத்திலே பொருளின் தரம் குறைய இடமுண்டு. நாட்கூலியிலே நாள் நீளும். பொருளை நாமே வாங்கி, கூலியை மாத்திரம் பேசிக்கொள்வது நடுவழி. பணத்தை வேலையின் படிகளோடு பிணைத்து எழுதிக்கொள்ளுங்கள். நீர்ச் சோதனை தேறியபின் ஒரு பகுதி. இறுதிப் பத்திலொன்று மூன்று மாதம் கழித்து. இதை முதல்நாளே சொல்லிவிடுங்கள். பின்னர் சொன்னால் அது பிணக்காகும்.

நான் இரண்டாம் முறை யாரை அழைத்தேன் என்று கேட்பீர்கள். அதே மேசனைத்தான் அழைத்தேன். அவர் முன்னர் செய்த வீடொன்றைப் போய்ப் பார்த்தேன். ஏழாண்டு கழிந்தும் அத்தரையிலே ஒரு துளி நீர் தங்கவில்லை. அவ்வீட்டம்மா நாள்தோறும் அருகே நின்று கேள்வி கேட்டவராம். ஆள் மாறவில்லை, நேயர்களே; கேட்டவர் மாறியிருந்தார். இம்முறை நானும் கேட்டேன். ஓடு பதிக்குமுன்னரே கைபிடிக் கம்பிக்கு உறுதியான இடமும் சுவரில் அமைத்தோம்.

அம்மா இன்று கைத்தடியோடு நடக்கிறார். அந்தக் கம்பியைப் பற்றியே எழுந்து நிற்கிறார். என் சிக்கனத்தின் விலையை அவர் செலுத்தினார் என்பதை அதைப் பார்க்குந்தோறும் நினைக்கிறேன். உங்கள் வீட்டு மதிப்பீட்டை அடியிலிருந்து படியாதீர்கள். மேலிருந்து, வரி வரியாகப் படியுங்கள்.