உயர்த்திய கையும் மறைத்த சீட்டும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நானோ வரலாறு கற்பிப்பவன். ஆகவே கணிப்பொறியின் வழியாக நுழைந்து வாக்குச்சீட்டில் போய் முடிக்க எண்ணியுள்ளேன். பொறுத்தருள வேண்டும்.

2011ஆம் ஆண்டு முதல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு மடிக்கணினி வழங்கியது. தொடக்கத்தில் அவற்றுள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று மைய அரசின் சீடாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பது. பிள்ளைகள் பெரும்பாலும் முன்னதையே திறந்தனர். பின்னதன் வேர் எது என்று எவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கேட்கவில்லை. அதன் வேர் ‘டெபியன்’ என்னும் கட்டற்ற மென்பொருள். 1993இல் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் தொடங்கியது. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

அங்கே முதலாளி என்று ஒருவர் இல்லை. முதலாளி இல்லாத இடத்தில் வழக்கு எழுந்தால் தீர்ப்பவர் யார்? 1998இல் அவர்கள் தமக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டனர். ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். பெருஞ்சிக்கல்களைப் பொது வாக்கெடுப்புக்கு விடுகின்றனர்.

அவர்கள் வாக்களிக்கும் முறை நமக்குப் புதியது. ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண்ணிடுகின்றனர். நாற்பது பிள்ளைகள் சுற்றுலா செல்வதாக வைத்துக்கொள்வோம். குற்றாலத்துக்கு 16 பேர், ஐயனார் அருவிக்கு 13 பேர், செண்பகத்தோப்புக்கு 11 பேர். நம் வழக்கப்படி குற்றாலமே வென்றது. ஆனால் ஏனைய 24 பேரும் பேருந்துக் கட்டணத்துக்கு அஞ்சிக் குற்றாலத்தைக் கடைசியில் வைத்திருந்தால்? இரண்டிரண்டாக நிறுத்திப் பார்த்தால் ஐயனார் அருவி குற்றாலத்தை 24க்கு 16 என்று வெல்கிறது. குற்றாலத்தை விரும்பியோர் அருவியையே இரண்டாவதாக எழுதியிருந்தால், செண்பகத்தோப்பையும் அது வென்றுவிடும். அனைத்தையும் நேருக்கு நேர் வெல்வதே வெற்றி. இவற்றோடு ‘இவற்றுள் எதுவும் வேண்டாம்’ என்பதும் அச்சீட்டில் உண்டு. நம் வாக்கு எந்திரத்தில் அந்தப் பொத்தான் 2013இல்தான் வந்தது.

எல்லாரும் அங்கே வாக்களித்துவிட முடியாது. பணியாற்றி, உறுப்பினராக ஏற்கப்பட்டோர்க்கே வாக்குரிமை. மடிக்கணினி பெற்ற நம் பிள்ளைக்கு அது கிடையாது. ஆயினும் வாயிலில் பிறப்பைக் கேட்பதில்லை. (ஓய்வும் ஆங்கிலமும் உள்ளவர்க்கே அவ்வாயில் எளிதாகத் திறக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன்.) உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் குடவோலையை மேடைதோறும் புகழ்கிறோம். அது வாக்களிப்பு அன்று, குலுக்கல். ஓலையில் பெயர் எழுதப்படவே கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டியிருந்தன. நம் முன்னோர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க வழியே இல்லை.

இனி நான் சொல்ல வந்த செய்தி. டெபியனில் தலைவர் தேர்தல் இரகசியமாகவே நடந்தது. ஆனால் பிற தீர்மானங்களில் யார் எவ்வாறு வாக்களித்தார் என்பதைப் பெயரோடு வெளியிட்டு வந்தனர். எல்லாம் வெளிப்படை என்பதே அவர்தம் கொள்கையன்றோ! 2021இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குறித்த சூடான வழக்கு ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது, பெயர் வெளியானால் தொல்லை வருமே என்னும் அச்சம் தலைகாட்டியது. 2022இல் வாக்கெடுத்து, எல்லாத் தீர்மானங்களிலும் வாக்களித்தவரின் தேர்வை மறைப்பதென முடிவு செய்தனர். மறைவில் மோசடி நுழையாதோ எனலாம். தலைவர் தேர்தலில் வாக்களித்தவருக்கு ஓர் இரகசியக் குறியீடு தருவர். முடிவுப் பட்டியலில் அதைத் தேடித் தம் வாக்கு சரியாக எண்ணப்பட்டதைத் தாமே கண்டுகொள்ளலாம். பிறர் காண இயலாது.

இதைப் படித்தபோது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். நான் சிறுவனாயிருந்த காலத்தில் ஒரு சிற்றூரில் பொதுக் கிணறு பற்றிக் கூட்டம் நடந்தது. “மறுப்பவர் கையை உயர்த்தலாம்” என்றனர். தந்தையாரின் கை தோளளவு எழுந்தது. பிறகு கக்கத்திலிருந்த துண்டைப் பற்றுவதுபோல் இறங்கிவிட்டது. மறுநாள் அவர் கூலிக்குச் செல்ல வேண்டிய தோட்டத்துக்காரர் எதிரே அமர்ந்திருந்தார். “ஒருமனதாக நிறைவேறியது” என்று எழுதிக்கொண்டார்கள்.

சீட்டு மட்டும் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் ஊராட்சித் தலைவர் பதவி நமக்கென ஒதுக்கப்பட்டும், 1996 முதல் பத்தாண்டுகள் நிலையான தலைவர் எவரும் அமர இயலவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. போட்டியிடவே ஆள் வர முடியாத ஊரில் மறைவான சீட்டுக்கு வேலையில்லை. எனினும் ஆள் நின்ற பின்னர், சீட்டன்றி வேறு காப்பு ஏது?

இறுதியாக நம் வீட்டுக்கே வருகிறேன். நம் பொதுக்குழுவில் இன்றளவும் கையுயர்த்தியே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். யாரும் யாரையும் மிரட்டுவதில்லை; நானறிவேன். ஆனால் விடுதியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டிய தாயும், உதவித்தொகைக்கு விண்ணப்பித்த தந்தையும் அதே கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றனர். நிர்வாகிகளின் கண்ணெதிரே கையை உயர்த்துவது அவர்களுக்கு எளிதா? வரவுசெலவுக் கணக்கு எல்லார்க்கும் திறந்திருக்கட்டும், வாக்கு மறைந்திருக்கட்டும்.

அடுத்த பொதுக்குழுவிலிருந்து நிர்வாகிகள் தேர்தலை மறைவுச் சீட்டு வழி நடத்த வேண்டும் என்னும் தீர்மானத்தை எழுதி எடுத்து வந்துள்ளேன். முன்மொழிபவர் என்று என் பெயரை வெளிப்படையாகவே இட்டிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். தாள் செயலாளரின் மேசைமேல் இருக்கிறது.