சுத்தியல் அடித்த அடி



2012-ல் மத்தியப் பிரதேசம் பீதம்பூரில் நடந்த பாஹா போட்டிக்கு நாங்களே கட்டிய வண்டியோடு போனோம். கடைசிச் சுற்று நான்கு மணி நேர ஓட்டம். எங்கள் வண்டி ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. பின்சக்கரம் கரகரவென்று கத்தி, ஆட ஆரம்பித்தது. வெளியே தள்ளிக்கொண்டு வந்தோம்.

மட்டமான பேரிங் என்று கடைக்காரருக்குப் போன் போட்டுத் திட்டினோம். ஊர் திரும்பியதும் நம் ஒர்க் ஷாப் லேத் அண்ணன் அந்த பேரிங்கை அறுத்துத் திறந்தார். குண்டுகள் ஓடும் பாதையின் ஒரு ஓரமாக, சம இடைவெளியில் சிறு சிறு பள்ளங்கள்.

"எப்படிப்பா ஏத்தினீங்க?"

"சுத்தியலால்தான்ணே. வெளிவளையத்துல தட்டி."

6205 பேரிங், உள்விட்டம் 25 மி.மீ. சுழலும் அச்சில் இறுக்கமாக உட்கார வேண்டியது உள்வளையம். வெளிவளையத்தில் தட்டினால் அடி முழுதும் குண்டுகள் வழியாகத்தான் போகும். பாதையில் பள்ளம் விழும். வெளியே ஒன்றுமே தெரியாது.

அடுத்த வருடம் ஜூனியர்களிடம் சொன்னேன்: உள்வளையத்தில் மட்டும் படும்படி ஒரு பைப்பை வைத்து, பிரஸ்ஸில் மெதுவாக அழுத்துங்கள். வீல் ஹப்புக்குள் இறக்கும்போது மட்டும் வெளிவளையத்தை அழுத்துங்கள். அவர்கள் வண்டி நான்கு மணி நேரமும் ஓடியது.

தம்பிகளே, பழுதானால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள். கடைக்காரரை அப்புறம் பார்க்கலாம். நான் அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.